அறுபத்து மூன்றாம் வில்லை

"என் வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போயிட்டார். எதுக்குப் போனார்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்ல முடியுமா?"

விடுதியின் சாப்பாட்டு அறையில், காலை ஒன்பது மணிக்கு, அந்த அம்மாள் வந்து கேட்டது இதுதான். அழவில்லை. துணி காய்ந்துவிட்டதா என்று விசாரிக்கிற குரல். அறுபதைத் தாண்டியவர். முட்டி வீங்கியிருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்திருந்தார்.

கேட்கப்பட்டவர் எடை அளவுத் துறையில் முப்பத்திரண்டு வருஷம் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கள்ள எடைக்கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தே சொல்லிவிடுவார் என்பதால் அவருக்குத் 'தராசு' என்று பெயர். காதில் விழும்படியே கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். எல்லை ஆற்றின் கரையில் இருக்கிற இந்தப் பழைய ஊருக்கும் அதன் ராணுவக் கோட்டைக்கும் அவர் வந்தது மைத்துனரின் நச்சரிப்பு தாங்காமல். மைத்துனர் தையற்கடைக்காரர். அத்தான் எந்தெந்த மர்மத்தை எப்படி உடைத்தார் என்று முதல் நாளே விடுதி முழுக்கத் தண்டோரா போட்டிருந்தார். அந்த அம்மாள் இவர்களைத் தேடி வந்ததற்கும் அந்த வாய்தான் காரணம்.

"உக்காருங்கம்மா. போயிட்டார்னு யார் சொன்னது?"

"போலீஸ்."

நடந்தது இவ்வளவுதான். கணவருக்கு அறுபத்தெட்டு வயது, பழைய ராணுவ வீரர். நாற்பது வருஷத்துக்கு முன் இதே கோட்டையில் காவல் நின்றவர். கண்ணை மூடுவதற்குள் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கிளம்பி வந்தார்கள். இரண்டு வருஷம் முன்பு தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல் அடியோடு போய்விட்டது. உதட்டை அசைப்பார், அதைப் படிக்க மனைவிக்கு மட்டும்தான் தெரியும். நேற்று மதியம் மூன்று மணிக்குத் தனியாகக் கோட்டைக்குப் போனவர் திரும்பவில்லை. இரவு எட்டு மணிக்கு அந்த அம்மாள் காவல் நிலையத்துக்குப் போனார்.

"இன்ஸ்பெக்டர் கோட்டைக்குப் போன் போட்டார். பலகை நிறைஞ்சிருக்காம். உள்ள போற ஒவ்வொருத்தருக்கும் நம்பர் போட்ட ஒரு பித்தளை வில்லை குடுப்பாங்களாம். வெளிய வரப்போ திருப்பி வாங்கி ஆணியில மாட்டுவாங்களாம். எல்லா ஆணியும் நிறைஞ்சாத்தான் கோட்டையைப் பூட்டணுமாம். அவரோடது அறுபத்து மூணு. அதுவும் வந்திருச்சு. அப்புறம், ஆத்துக்கு அந்தப் பக்கம் தெரிஞ்சவங்க உண்டான்னு கேட்டார்."

"உண்டா?"

"ஒரு பொண்ணு. எங்க கல்யாணத்துக்கு முன்னாடி. அவரே சொல்லியிருக்கார். அதைச் சொன்னேன். இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு சிரிச்சார். அக்கரைக்குப் போயிட்டார்னு எழுதிக்கிட்டார்."

"நீங்க நம்பினீங்களா?"

"நம்பினேன்" என்றார் அந்த அம்மாள். "ராத்திரியே பெட்டியைக் கட்டிட்டேன். எனக்குக் கோபம்கூட வரலைங்க. உள்ள எல்லாம் மரத்துப் போச்சு."

தராசு தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

கோட்டை வாசலில் ஒரு சின்ன அறை. மேஜை, வருகைப் பதிவேடு, சுவரில் நூறு ஆணி அடித்த மரப்பலகை. வாயிற்காவலர் ஒல்லியானவர், சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து உடுத்தியிருந்தார். மைத்துனருக்குப் பன்னிரண்டாம் வில்லை கிடைத்தது.

"எனக்கு அறுபத்து மூணு குடுங்க" என்றார் தராசு.

"எல்லாம் ஒண்ணுதானே சார்."

"அப்போ குடுக்கறதுல என்ன சிரமம்?"

காவலர் எடுத்துக் கொடுத்தார், கொஞ்சம் தாமதமாக. தராசு நேற்று வந்த பெரியவரைப் பற்றிக் கேட்டார்.

"நல்லா ஞாபகம் இருக்கு சார். அஞ்சு மணி மணியடிச்சதும் வந்தார். வில்லையை என் கையிலதான் குடுத்தார். 'கோட்டை அப்படியே இருக்குப்பா'ன்னு சொல்லிட்டு ஆத்துப் பக்கமா நடந்து போனார்."

உள் முற்றத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு அடி கனச் சுவர்களுக்கு நடுவே நின்றுகொண்டு மைத்துனர் குரலைத் தாழ்த்தினார். "அத்தான், சுரங்கம்! பழைய சிப்பாய்க்குத் தெரியாத சுரங்கமா? நேரா அக்கரையில போய் ஏறியிருப்பார்."

"ஆத்துக்கு அடியில, அறுபத்தெட்டு வயசுல? முதல்ல இந்த ரெண்டையும் கையில வாங்கு மாப்பிள்ளை."

இரண்டு வில்லைகளையும் மைத்துனரின் உள்ளங்கையில் வைத்தார். "ஓட்டையைப் பாரு."

பன்னிரண்டின் ஓட்டை மேல்பக்கமாகத் தேய்ந்து நீண்டிருந்தது. அறுபத்து மூன்றின் ஓட்டை அச்சு வட்டம். விளிம்பு விரலைக் கீறியது.

மைத்துனரின் முகம் மாறியது. தராசு பதிலுக்குக் காத்திராமல் வாசல் அறைக்குத் திரும்பி நடந்தார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து மைத்துனர் பார்த்ததே இல்லை.

"தம்பி, ரெண்டு விஷயம்" என்றார் காவலரிடம். "இந்தப் பலகையில வில்லையெல்லாம் பல வருஷமாத் தொங்குது. தொங்கித் தொங்கி ஆணி ஓட்டையைத் தின்னுருக்கு. இது மட்டும் நேத்துத்தான் முதல் தடவையா ஆணி ஏறியிருக்கு. எடையும் குறைச்சல். அசல் எங்கே?"

காவலரின் பார்வை மேஜைக்கு அடியில் போய் வந்தது.

"ரெண்டாவது, அந்தப் பெரியவர் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினார்னு சொன்னீங்க. அவருக்குக் குரலே கிடையாது. தொண்டையை அறுத்து ரெண்டு வருஷமாச்சு. அவர் வில்லையையும் குடுக்கலை, பேசவும் இல்லை. நீங்க அவர் வெளிய வந்ததைப் பார்க்கவே இல்லை."

காவலர் மேஜையின் கீழறையைத் திறந்தார். உள்ளே ஒரு துணிப்பை. அதில் பளபளவென்று புது வில்லைகள்.

"ஒரு வில்லை குறைஞ்சா பட்டாளத்துக்குச் சொல்லணும் சார். அதான் சட்டம். அவங்க விளக்கோட வந்து மூலை முடுக்கெல்லாம் தேடுவாங்க. நாலு தடவை சொன்னேன். நாலு தடவையும் எவனோ ஞாபகார்த்தமா ஜேப்புல போட்டுக்கிட்டுப் போயிருக்கான். ஒருத்தன் தபால்ல திருப்பி அனுப்பினான், கோட்டை ரொம்ப அழகுன்னு எழுதி. இன்னொரு தடவை புலி வருதுன்னு கத்தினா வேலையை விட்டுப் போன்னு மேலதிகாரி சொன்னார். அதான் பாத்திரக் கடையில சொல்லி ஒரு செட்டு அடிச்சு வெச்சேன்." பையை மேஜைமேல் வைத்தார். "ஆனா பார்க்காம பூட்டலை சார். ஒவ்வொரு வாசல்லயும் நின்னு குரல் குடுத்தேன். யாராவது இருக்கீங்களான்னு கேட்டேன். பதில் வரலை."

"வராது" என்றார் தராசு. "நேத்துப் பூட்டி இன்னிக்குத் திறக்காத கதவு எது?"

"வெடிமருந்துக் கிடங்கு. வாரத்துல ஒரு நாள்தான் திறப்போம். நேத்து திறந்தோம். இனிமே…" காவலருக்கு அப்போதுதான் உறைத்தது. "இன்னும் ஆறு நாள் ஆகும்."

சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அவரே முன்னால் ஓடினார்.

இரும்புக் கதவுக்குப் பின்னால் பதினேழு படிகள் கீழே இறங்கின. கடைசிப் படிக்கு அருகே பெரியவர் கிடந்தார். ஒரு கால் திசைமாறித் திரும்பியிருந்தது. கையில் ஒரு செங்கல் துண்டு. பக்கத்துச் சுவரில் அதால் தட்டித் தட்டிச் சிவந்த பொடி. கண்கள் திறந்திருந்தன. மேலிருந்து வந்த வெளிச்சத்துக்கு அவை கூசின.

மைத்துனர் டாக்டருக்கும் வண்டிக்கும் ஓடினார். தராசு படியில் உட்கார்ந்து பெரியவரின் உதட்டைத் துணியால் நனைத்தார். அந்த உதடுகள் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லின. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கால் மணி நேரத்தில் டாக்டர் வந்தார். காலில் எலும்பு முறிவு, உடம்பில் நீரே இல்லை, இன்னொரு ராத்திரி தாங்கியிருக்காது என்றார். பின்னாலேயே மைத்துனரின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் படியிறங்கினார், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. வழியிலேயே மைத்துனர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். கணவரைக் கண்டதும் ஓடவில்லை, கதறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அந்த முகத்தில் காலையில் இருந்த அதே வெறுமை. ஆள் கிடைத்தும் அது போகவில்லை என்பது தராசுக்குத் திகைப்பாக இருந்தது.

பெரியவரின் உதடுகள் அசைந்தன.

"என்ன சொல்றார்?" என்று டாக்டர் கேட்டார். "எங்கே வலிக்குதாம்?"

"வலியைப் பத்திச் சொல்லலை" என்றார் அந்த அம்மாள். கணவரின் வாயையே பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். "'நான் பயப்படவே இல்லை. நீ ராத்திரியெல்லாம் என்னைத் தேடச் சொல்லி எல்லாரையும் பாடாப் படுத்தியிருப்பே, எனக்குத் தெரியும்'ங்கறார்."

மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டார். மேல்படியில் யாரோ செருப்பை உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஆமா" என்றார் அந்த அம்மாள் கணவரிடம். "தேடச் சொன்னேன். விடிய விடியத் தேடினாங்க."

பெரியவரின் கண்கள் மனைவியைத் தாண்டி, சாவிக்கொத்தோடு நின்ற காவலரிடம் போயின. காவலர் அந்த அம்மாளைப் பார்த்தார், பிறகு தராசைப் பார்த்தார்.

"ஆமாங்கய்யா" என்றார். "அம்மா எங்களை உக்கார விடலை. கோட்டை முழுக்கத் தேடினோம்."

தராசு தூக்குப் படுக்கை இறங்குவதற்கு வழிவிட்டுச் சுவரோரமாக நகர்ந்து நின்றார்.