சாணுக்கு ஒரு கோடு

புளியமரத்தடியில் ஒரு மஞ்சள் கோடு கிடந்தது. காலையில் பின்கதவைத் திறந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி நிமிர்ந்தபோதுதான் வேடியப்பன் அதைப் பார்த்தார். வீட்டிலிருந்து மரம் வரைக்கும் பாவியிருந்த பலகைக் கற்களில் கடைசிக் கல்லின் மேல், பனியில் நனைந்து, குறுக்காக ஒட்டியிருந்தது. அவர் அந்த மரத்தடிக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

அது என்ன கோடு என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்குள் அதே மாதிரி பதினொன்று இருக்கின்றன, கட்டிலிலிருந்து பின்கதவு வரைக்கும். நடக்கிற கால் திடீரென்று தரையோடு ஒட்டிக்கொண்டு வராமல் நின்றுவிடும் வியாதி அவருக்கு. பார்க்கின்சன் என்று வேலூரில் சொன்னார்கள். முன்னால் ஒரு கோடு தெரிந்தால் அதைத் தாண்டக் கால் எழும், வெறுந்தரையில் எழாது. நடைப்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், முழத்துக்கு ஒரு கோடு போட்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டே தாண்டச் சொன்னாள். "போகப் போக அடி சின்னதாகும் ஐயா. அப்ப சாணுக்கு ஒண்ணு போட்டுக்கலாம்" என்றும் சொன்னாள். மகள் பிரியதர்ஷினி மஞ்சள் டேப் வாங்கிவந்து அளந்து ஒட்டிவிட்டு, மிச்ச டேப்பை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

மனைவி போய் ஐந்து வருஷம். முகம் மரத்துப்போய் மூன்று வருஷம். சந்தோஷம் வந்தாலும் துக்கம் வந்தாலும் ஒரே முகம்தான். பேச வந்தவர்கள் எல்லாம், இந்த ஆளுக்கு நாம் வந்தது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து மனசும் பழகிவிட்டதோ என்னவோ, உள்ளேயும் இப்போதெல்லாம் பெரிதாக ஒன்றும் வருவதில்லை. வாசனையும் போய்விட்டது, புளி உலுக்கும் காலத்தில் மலையே மணக்கும், அவருக்கு ஒன்றுமே தெரியாது.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மகள் வேலூரிலிருந்து பேசுவாள். பொத்தானை அமுக்க விரல் நிற்காது என்பதால், போன் தானாகவே எடுத்து ஸ்பீக்கரில் பேசும்படி செய்து வைத்திருந்தாள். "இன்னிக்கு யாருப்பா வந்தாங்க?" என்பதுதான் முதல் கேள்வி. ஜெயசுதா வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனதாகச் சொல்வார். பக்கத்து நிலத்துக்காரி ஜெயசுதா சாமைச் சோற்றை வாசலில் வைத்துவிட்டுப் போகிறவள், உட்கார்ந்ததே கிடையாது. மகளுக்கு இரண்டு கைக்குழந்தைகள், ஒற்றை அறை வீடு. அங்கே போய் விழ அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் மரத்தடியில் நாலு கோடுகள் இருந்தன. அதற்கு மறுநாள் ஒன்பது. முதலில் வந்த கோடு மரத்தடியிலேயே இருக்க, புதிதாக வந்தவை வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. ஆணியில் டேப் மெலிந்திருந்தது. அவர் ஒட்டியிருக்க முடியாது. சட்டைப் பொத்தான் போடவே வராத கை, டேப்பின் நுனியை எங்கே பிரிப்பது? நாலாம் நாள் ஜெயசுதா சோறு கொண்டுவந்தபோது பின்பக்கம் கூப்பிட்டுக் காட்டினார்.

"நீயாம்மா ஒட்டன?"

"எனுக்கு வேற வேல இல்லியா மாமா?" அவள் குனிந்து பார்த்தாள். "இன்னாத்துக்கு இவ்ளோ கிட்ட கிட்ட ஒட்டிக்கீது? சாணுக்கு ஒண்ணு. இதுல யாரு நடக்கிறது?"

கொஞ்ச நேரம் உட்காரும்மா என்றுதான் அவர் சொன்னார். குரல் உதட்டைத் தாண்டவில்லை. அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். "கோச்சிக்காத மாமா, போய்ட்டு வர்றேன்" என்று கிளம்பிவிட்டாள். அவருக்கு அழவேண்டும் போல இருந்தது. அது கண் வரைக்கும் வரவில்லை.

ஆறாம் நாள் கோடு பின்படிக்கட்டில் இருந்தது. அவர் கதவைச் சாத்தி, இரண்டு கையாலும் தாழ்ப்பாளைத் தள்ளிப் போட்டார். பயம் என்று தனியாக ஒன்றும் தெரியவில்லை. வலது கை மட்டும் வழக்கத்தைவிட வேகமாக ஆடியது. அதன் ஆள்காட்டி விரலில், சின்ன வயதில் அரிவாள் பட்ட தழும்பு பிறை போல வளைந்திருக்கும். அந்தத் தழும்பு ஆடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஏழாம் நாள் மத்தியானத்திலிருந்தே மேகம் இறங்கி, ஜன்னலுக்கு வெளியே மலையும் மரமும் ஒன்றும் இல்லாமல் வெள்ளையாக இருந்தது. தூங்கி விழித்தபோது மணி நாலாகப் போகிறது. மத்தியான மாத்திரையின் வேகம் தீர்ந்து உடம்பு கட்டையாகிவிட்டிருந்தது. தரையைப் பார்த்தார். மகள் ஒட்டிய பதினொரு கோடுகளுக்கு நடுவே, ஒவ்வொரு இடைவெளியிலும் ஒன்றாக, புதிதாகப் பத்து. மொத்தம் இருபத்தொன்று. தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது.

இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். யாரும் வருவதில்லை, வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. அவ்வளவுதான். எழுந்து உட்காரப் பார்த்தார். உடம்பு சுவர்ப் பக்கம் புரண்டு, அப்படியே நின்றுவிட்டது.

அப்போது வாசனை வந்தது. வருஷக்கணக்கில் எதையும் அறியாத மூக்கில், தைலமும் பழைய வியர்வையும் துவைக்காத போர்வையும் கலந்த வாசனை.

பின்னால் கதவுப் பக்கம் கால் தேயும் சத்தம். நிற்கிறது. மறுபடி தேய்கிறது.

"ஒண்ணு."

காற்று மாதிரி மெல்லிய குரல்.

"ரெண்டு."

தலையணை ஓரத்தில் போன் அடித்து, தானாக எடுத்துக்கொண்டது.

"அப்பா, சாப்ட்டியா?"

"வாம்மா" என்றார். "யாரும் வர்றதில்ல. கூட்டிட்டுப் போ."

"இன்னாப்பா? கேக்கல. சத்தமா பேசு."

"ஒம்போது."

"யாருப்பா அது, எண்றது?" மகள் சிரித்தாள். "ஜெயசுதாக்காவா? நட பழக்குறாங்களா? நல்ல வேள, தொணைக்கு ஆள் கீது."

இல்லை என்றார். இல்லை. இல்லை. உதடு மட்டும்.

"பதினஞ்சி."

தேய்ப்பு. நிறுத்தம். தேய்ப்பு. வாசனை கனத்தது.

"இருவது."

கட்டில் சட்டம் அசைந்தது.

"இருவத்தொண்ணு."

பின்னாலிருந்து தோளுக்கு மேலே ஒரு கை வந்து போனை எடுத்தது.

"பிரியா, நாந்தாம்மா."

"அப்பா! இப்பதாம்ப்பா உன் கொரலு நல்லா கேக்குது. ஞாயித்துக்கெழம வரட்டா?"

"வேணாம்மா. ஆள் வந்துட்ச்சி. இனிமே கூடவே இருக்கும். நீ வராத."

"சரிப்பா." அவள் குரலில் நிம்மதி இருந்தது. போன் அணைந்தது.

கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்தது. பிடரியில் மூச்சு. அவரால் திரும்ப முடியவில்லை.

கை இறங்கிவந்து, போர்வையின் மேல் அவருடைய வலது கைக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. தோல் வற்றி, நகம் நீண்டு, இன்னும் கிழடாக. ஆள்காட்டி விரலில் பிறைத் தழும்பு. இரண்டு கைகளும் ஒரே வேகத்தில் ஆடிக்கொண்டிருந்தன.