மீனுக்கு மஞ்சள் காமாலை

வானத்தில் ஒரு சொட்டுகூட மிச்சம் வைப்பதில்லை என்று மழை சபதம் போட்டிருந்த சாயங்காலம் அது. நனைந்தபடி கேமரா கடைக்குள் ஓடிவந்தவள் கைநீட்டிய டப்பாவையே வேறொருவன் கையும் பிடித்தது.

போலரைசர் ஃபில்டர். நல்லதாக மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். கடைகளின் கண்ணாடி ஜன்னல்களைப் படமெடுப்பது அவள் தொழில். கண்ணாடியில் பிரதிபலிக்கும் எதிர்த்தெருவைப் படத்திலிருந்து விரட்ட அவளுக்கு அது வேண்டும்.

"நான்தான் முதல்ல எடுத்தேன்..."

"நான் முதல்லயே பார்த்துட்டேன். மீன் டாக்டருங்க நான். குளத்துத் தண்ணி பளபளன்னு அடிக்குது, படத்துல பேஷண்ட் முகமே தெரியல!"

நிமிர்ந்தாள். அடடா, அந்தக் கண்கள்... கப்பலே மூழ்கிப்போகும் ஆழம்!

"அசல்தானான்னு பார்த்துடலாம்" என்று ஃபில்டரைத் தன் போன் திரைக்கு முன்னால் பிடித்துச் சுற்றினான். ஏதாவது ஒரு கோணத்தில் திரை இருண்டாக வேண்டும். இருளவில்லை.

"அண்ணே, இது டூப்ளிகேட்!" கடைக்காரரிடம் தீர்ப்பே சொல்லிவிட்டான்.

"டாக்டர் சார்... லென்ஸ்ல மாட்டுற பக்கத்தைப் போனுக்குக் காட்டுறீங்க. திருப்பிப் பிடிங்க" என்றாள் அவள்.

திருப்பினான். திரை கன்னங்கரேல் என்று ஆனது.

சிரித்தாள். எப்படிப்பட்ட சிரிப்பு! அலமாரி லென்ஸ்களெல்லாம் அதிர்ந்தன. கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். அவன் காதுகள் சிவந்தன.

"நீங்களே வெச்சுக்கோங்க." மலிவான வேறொன்றை வாங்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டான்.

ஜெயித்தவள் அவள்தான். ஆனாலும்... எதிர்த்தெரு முழுவதையும் விரட்டிய அந்த ஃபில்டரால் ஒரே ஒரு முகத்தை விரட்ட முடியவில்லை. இன்னொரு தடவை பார்த்தால் போதும், ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. லென்ஸ் துடைக்கும் துணி வாங்குகிற சாக்கில் கடைக்கு நடையாய் நடந்தாள்.

"ஏம்மா, துணிக்கடை வைக்கப் போறியா?" என்றார் கடைக்காரர். "அவர் பூங்காக் குளத்துலதான் இருப்பாரு. போய்ப் பேசேன்."

"நான் எதுக்கு அண்ணே போகணும்? அவரே வரட்டுமே!"

வீறாப்பு வாசல் வரைக்கும்தான் தாங்கியது. கால்கள் தாமாகவே பூங்காவுக்குத் திரும்பின.

குளக்கரையில் குந்தி, கேமராவை முறைத்துக்கொண்டிருந்தான். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தவன் எழுந்திருக்கவே மறந்தான்.

"படத்துல எல்லா மீனும் மஞ்சளா இருக்குங்க... காமாலையோன்னு மருந்து யோசிக்கிறேன்."

"மீனுக்கு ஒண்ணுமில்ல டாக்டர். காமாலை உங்க மலிவு ஃபில்டருக்குத்தான்."

வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து விழுங்கினாள். அவன் முகம் வாடியது.

"ஏன்... சிரிக்கலையா?"

"அன்னிக்குச் சிரிச்சதுக்கே கோவிச்சுக்கிட்டுக் கடைப் பக்கம் வரல நீங்க."

"வந்தேங்க. வாசல் வரைக்கும். உள்ள நீங்க துணி வாங்கிக்கிட்டு இருந்தீங்க... நான் மறுபடி ஏதாவது உளறி, நீங்க மறுபடி சிரிச்சா, நான் எப்படி வீட்டுக்குப் போவேன்? அன்னிக்கே பாதி ஆளாத்தான் போய்ச் சேர்ந்தேன்." தலைகுனிந்துகொண்டான். "உங்களை... ரொம்பப் பிடிச்சிருக்கு."

குளத்தில் தூறல் விழத் தொடங்கியது. ஈரப் புல்லில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"மீதிப் பாதி என்கிட்டதான் இருக்கு" என்றாள் மெல்ல. "திருப்பித் தர்றதா இல்ல."