காயாத ஒட்டு

மதுரை விளாங்குடியில் வீட்டு வாசலில் மாட்டுவண்டி நிற்கும், சைக்கிள் நிற்கும், கொஞ்சம் வசதியானவர் வீட்டில் ஸ்கூட்டர் நிற்கும். படகு நின்று யாரும் பார்த்ததில்லை. எண்பத்து நாலாம் வருஷம் புரட்டாசி பிறந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திண்டுக்கல் ரோட்டிலிருந்து திரும்பிய லாரி ஒன்று மலைச்சாமி வீட்டு முன்னால் நின்றது. மேலே கயிறு போட்டுக் கட்டிய பழைய பைபர் மோட்டார் படகு. ஒரு காலத்தில் வெள்ளையும் நீலமுமாக இருந்திருக்கும். இப்போது வெயிலில் வெளிறி, ஓரமெல்லாம் பாசி காய்ந்து கறுத்துக் கிடந்தது.

எட்டுப் பேர் பிடித்து இறக்கி, வீட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் இரண்டு மரக்கட்டைகள்மேல் வைத்தார்கள். மலைச்சாமியோடு மில்லில் வேலை பார்க்கும் விருமாண்டிக்கு வாய் சும்மா இருக்காது.

"மாப்ள, வைகையில மாடு கால் நனைக்கத் தண்ணியில்ல. இத எங்க ஓட்டப்போற, டவுன்ஹால் ரோட்டுலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். மலைச்சாமியும் சிரித்து வைத்தான். மகன் போன இந்த இரண்டு வருஷமாக அவன் மில்லுக்குப் போவதும் வருவதும் சுவரைப் பார்த்து உட்கார்வதுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தான். மில்லில் எந்திரம் பழுதுபார்க்கும் நல்ல பிட்டர். கைக்கு ஒரு வேலை கிடைத்தால் மனசு தேறிவிடும் என்று தெருவே நினைத்தது.

அவன் பெண்டாட்டி அன்னக்கொடி மட்டும் நிலைப்படியை விட்டு இறங்கவில்லை. அவள் வீட்டில் இப்போதெல்லாம் அண்டாவில் தண்ணீர் பிடித்து வைப்பதில்லை. குடிக்க ஒரு குடம், அதுவும் மூடி போட்டு.

"தண்ணிச் சாமான் நமக்கு எதுக்குய்யா?" என்று கேட்டாள்.

தூத்துக்குடிப் பக்கம் சல்லிசாகக் கிடைத்தது, சரிபண்ணி விற்றுவிடலாம் என்றான் மலைச்சாமி.

அது பொய். படகு வந்தது தூத்துக்குடியிலிருந்து இல்லை. மேற்கே ஓர் அணைக்கட்டில் குத்தகைக்காரர் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு சவாரி விட்ட படகு அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூட லீவில் மகன் சோணையைக் கூட்டிக்கொண்டு மலைச்சாமி அங்கே போயிருந்தான். அன்னக்கொடி போகவில்லை. எட்டு வயசுப் பையன், மோட்டார் படகில் ஏறியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவனைத் தூக்கி முன்சீட்டில் உட்கார வைக்கும்போது மலைச்சாமி கண்ணில் அது பட்டது. முனைக்கு இடப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். மேலே ஏதோ மாவைத் தேய்த்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். தொழில் தெரிந்த கண், பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். படகுக்காரன் நாலு பேர் முன்னால் எடுத்தெறிந்து பேசிவிட்டால் என்ன செய்வது என்று கூச்சம். சோணை வேறு சிரித்துக்கொண்டிருந்தான். மலைச்சாமி வாயை மூடிக்கொண்டு கரைக்கு வந்து டீ குடித்தான்.

பகல் பன்னிரண்டரைக்கு நடுத்தண்ணீரில் படகு முனை சாய்ந்தது. எல்லோரையும் காப்பாற்றிவிட்டார்கள், சோணையைத் தவிர.

விரிசலைப் பார்த்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் படகு ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பதாக ஒருநாள் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று. அந்த விரிசலை அடைக்காமல் தன் கட்டை வேகாது என்று தோன்றிவிட்டது.

விடிந்ததும் வேலையைத் தொடங்கி, ஷிப்டுக்கு நேரமாகும்வரை செய்வான். மதுரை வெயிலில் ரெசின் பசையைக் கலந்தால் டப்பாவிலேயே கட்டியாகிவிடும், அதனால் காலை நேரம்தான் சரி. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க நார்த்தூள் பறந்து கழுத்தெல்லாம் அரித்தது. மரப்பலகைகளை மாற்றினான். துருப்பிடித்த எஞ்சினைப் பிரித்துக் கழுவிப் பூட்டினான். நைந்துபோன இடங்களில் கண்ணாடி நார்ப் பாயை வெட்டி வைத்து, ரெசினைப் பிரஷ்ஷால் ஊட்டி, உள்ளே காற்று நிற்காமல் உருட்டி அழுத்தினான். கொஞ்ச நேரத்தில் ஒட்டு கைக்குச் சூடேறும். சூடேறினால் இறுகுகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு இடமாக இறுகிக் கல்லாயிற்று.

ஓர் இடம் மட்டும் இறுகவில்லை. முனைக்கு இடப்பக்கம் அந்த ஒரு சாண்.

சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டான். மறுநாள் காலையில் டப்பாவில் மிஞ்சிய ரெசின் சுத்தியால் அடித்தாலும் உடையவில்லை. படகில் போட்ட அதே ரெசின் பிசுபிசுவென்று இருந்தது. தொட்டால் சில்லென்றது. மூன்று தடவை மாற்றிப் போட்டும் அப்படியே.

நாலாம் நாள் காலையில் அந்த ஈர ஒட்டின்மேல் ஒரு கைத்தடம் பதிந்திருந்தது.

சின்னக் கை. ஐந்து விரலும் விரிந்திருந்தன. தெருப்பிள்ளைகள் வேலையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குனிந்து பார்த்தான்.

தடம் உள்ளேயிருந்து வெளியே புடைத்துக்கொண்டிருந்தது.

அந்த வாரத்தில் அன்னக்கொடி மாறியதையும் அவன் கவனித்தான். இரண்டு வருஷமாக எண்ணெய் காணாத தலையில் எண்ணெய் வைத்துச் சீவியிருந்தாள். அடுப்படியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டாள். சாயங்காலம் அவன் வரும்போது படகுக்குள் ஒரு காலித் தட்டு கிடந்தது. காக்காய்க்கு வைத்தேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவனுக்கு வார லீவானதால் மதியத்திலும் படகடியில் இருந்தான் மலைச்சாமி. மில் சங்கு பன்னிரண்டுக்கு ஊதி அரைமணி ஆகப்போயிற்று. வெயில் தெருவை ஆளில்லாமல் துடைத்துவிட்டிருந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ கரகரத்துக்கொண்டே வந்து நின்றுபோயிற்று. மரத்தில் இலை அசையவில்லை.

மூக்கில் ஏறியிருந்த ரெசின் நெடி மெல்ல விலகியது. அந்த இடத்தில் பாசி வாடை வந்தது. ஆழத்தில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரின் வாடை.

டொக்.

முனைக்குள்ளிருந்து.

டொக். டொக்.

வீட்டுக்குள்ளிருந்து அன்னக்கொடி தட்டில் தயிர்ச்சோறு எடுத்துக்கொண்டு நிதானமாக வந்தாள். முனைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு குளிர்ச்சி.

"பேசாதய்யா," என்றாள் மெதுவாக. "தெனம் இந்நேரத்துக்கு வருவான். கொஞ்ச நேரம் தட்டி வெளையாண்டுட்டுப் போயிருவான்."

எப்படி, என்று மட்டும் கேட்டான்.

"நான்தான வரச் சொன்னேன்."

அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சோணையைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தார்கள். பெண்கள் மயானத்துக்கு வரக்கூடாது. நிலைப்படியில் நின்ற அன்னக்கொடி, தினமும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் அதே வாயால், "போயிட்டு வா சாமி" என்றாள். இழவு வீட்டில் வந்தவர்களே போயிட்டு வாரேன் என்று சொல்லாமல்தான் போவார்கள். சுற்றி நின்ற பெண்கள் பதறி அவள் வாயைப் பொத்தினார்கள். சொன்னது சொன்னதுதான்.

தட்டும் சத்தம் வேகமாயிற்று. அப்புறம், ஈர ஒட்டுக்குப் பின்னாலிருந்து, வாயில் தண்ணீர் நிறைந்த குரல் ஒன்று.

"அப்பா. தண்ணி வருதுப்பா."

அன்னக்கொடியின் கையிலிருந்து தட்டு விழுந்தது.

"அப்பா, கால் நனையுதுப்பா."

உள்ளே கையும் காலும் அடித்துக்கொண்டன. படகே கட்டைமேல் அதிர்ந்தது. ஒரு நிமிஷம். அப்புறம் ஒன்றுமில்லை. ரேடியோ மறுபடி கரகரத்தது.

இத்தனை நாளும் பையன் அம்மாவைக் கூப்பிடவில்லை, வெறுமனே தட்டினான். அதை அவள் விளையாட்டு என்று நினைத்துச் சோறு வைத்துக்கொண்டிருந்தாள். அவன் தினமும் முங்கிச் செத்துக்கொண்டிருந்தான்.

"இது அந்த மோட்டார் போட்டுதான?" என்று கேட்டாள். மலைச்சாமி மறைக்கவில்லை. விரிசலைப் பார்த்தது, கூச்சப்பட்டது, டீ குடித்தது எல்லாவற்றையும் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தான். அவள் அழவில்லை.

"பாத்துட்டுமா ஏத்திவிட்ட?"

மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நாலாம் நாள் சோறு போடும்போது, "கண்மாய் நெறையட்டும். தண்ணியில வச்சு நீ அந்த விரிசல அடை. நான் அவன அனுப்பிவிடுறேன்" என்றாள். அவளுக்கு வேறு என்ன தெரியும், அவனுக்குத்தான் என்ன தெரியும். இருவரும் மழைக்குக் காத்திருந்தார்கள். மதியமானால் அவள் முனையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சத்தம் அடங்கும்வரை உட்கார்ந்திருப்பாள். பெற்றவள் எவளுக்கும் அப்படி ஒரு தண்டனை வரக்கூடாது.

ஐப்பசியில் மழை நின்று பெய்தது. மேற்கே இருந்த கண்மாய் கரை தொட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விருமாண்டி லாரி பிடித்துக் கொடுத்தான். அவனும் அன்று கிண்டல் பண்ணவில்லை. படகை இறக்கிவிட்டு, நாலு நாள் கழித்து வந்து தானே எடுத்துப்போவதாகச் சொல்லிக் கிளம்பினான்.

மலைச்சாமி ஏறினான். மேலே காயாத ஒட்டு, கீழே ஆழம். எஞ்சின் இரண்டு இழுப்பில் பிடித்துக்கொண்டது. நடுக்கண்மாயில் நிறுத்திவிட்டு முனைக்குப் போய் மண்டியிட்டான். தூரத்தில் மில் சங்கு கேட்டது. அதற்கப்புறம் அரைமணி நேரம், தண்ணீர் படகில் மோதுவதைத் தவிர வேறு சத்தமில்லை.

டொக்.

ஒட்டின் ஓரத்தில் தண்ணீர் கசிந்தது.

"அப்பா. தண்ணி வருதுப்பா."

மலைச்சாமி உள்ளங்கையை அந்தக் கைத்தடத்தின்மேல் வைத்து, உடம்புப் பாரம் முழுதும் கொடுத்து அழுத்தினான். இரண்டு வருஷமாகத் தொண்டையில் நின்றது அப்போதுதான் வெளியே வந்தது.

"வரலடா. அப்பா பாத்துட்டேன். அப்பா அடைச்சிட்டேன்டா."

சில்லென்றிருந்த ஒட்டு, கைக்கு அடியில், மெல்ல வெதுவெதுத்தது. அப்புறம் சூடேறியது. தோல் பொறுக்காத சூடு. அவன் கையை எடுக்கவில்லை. சூடு தணிந்து பார்த்தபோது ஒட்டு வழவழவென்று கல்லாக இருந்தது. கைத்தடம் இல்லை. உள்ளே யாரும் கைகால் அடித்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டரை தாண்டிவிட்டது. படகைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவந்தான்.

கரையில் அன்னக்கொடி முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள். இரண்டு வருஷத்தில் அவள் தண்ணீரில் கால் வைத்தது அன்றுதான். படகின் முனையைத் தடவினாள். அந்தச் சொல் வருவதற்கு அவளுக்கு நெடுநேரம் ஆயிற்று.

"போ சாமி," என்றாள். "இனி வர வேணாம்."

மயானத்திலிருந்து வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது. இருவரும் அப்படியே கரைமேல் நடந்தார்கள். மலைச்சாமிக்கு உடம்பு காற்றாக இருந்தது. ஒரு வேலையை ஒழுங்காக முடித்த களைப்பு. முன்பெல்லாம் ஷிப்டுக்குக் கிளம்பினால் தெருமுனையில் சைக்கிளைத் திருப்பும்போது, பின்னால் பார்க்காமலே, வாசலில் நிற்கும் மகனுக்கு ஒரு வார்த்தை சொல்வான். கரை இறங்கும் திருப்பத்தில், அசந்த நேரத்தில், வாய் தானாகவே அதைச் சொல்லிவிட்டது.

"வாரேன்டா சோணை."

அன்னக்கொடி நின்றுவிட்டாள்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல. நட."

அவள் முன்னால் நடந்தாள். அவள் தோள் குலுங்கியது பின்னாலிருந்து தெரிந்தது.

பாசி வாடை வந்தது.

சின்ன, ஈரமான கை ஒன்று அவன் இடது சுண்டுவிரலைப் பிடித்தது. ரோடு தாண்டும்போது சோணை பிடிப்பது அந்த விரலைத்தான்.

உதறிவிட வேண்டும் என்று மலைச்சாமிக்குத் தெரியும். நாளைக்கும் பன்னிரண்டரை மணி வரும் என்றும் தெரியும்.

அவன் விரல்களை மடக்கி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.