முப்பது நொடி மௌனம்

நாற்பது நொடி இழுக்கச் சொன்னது வேறு ஒருவர். இழுத்தது நிருபர்தான்.

காலை எட்டே கால். இடிந்து விழுந்த மூன்று மாடிக் கிடங்கின் முன்னால், சட்டையில் மைக்கும் காதில் ஒயரும் முகத்தில் இருபத்திரண்டு வருட அனுபவமுமாக நின்றுகொண்டிருந்தார் நிருபர். உள்ளூர்த் தொலைக்காட்சியில் அவருக்கு ‘நேரலை’ என்றே பெயர் விழுந்திருந்தது. முடிவெட்டும் கடையில்கூட, “நேரலை வந்துட்டார், கண்ணாடியத் தொடைங்கப்பா” என்பார்கள்.

“உள்ளே யாராவது சிக்கியிருக்கிறார்களா?” என்று ஸ்டுடியோவிலிருந்து செய்தி வாசிப்பாளர் கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொல்லி முடிக்க ஒரு நொடி போதும். காதுக்குள் தயாரிப்பாளரோ, “விளம்பரம் ரெடியாகல, இன்னும் நாப்பது செகண்டு இழுங்க சார், கால்ல விழறேன்” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நேரலை இழுத்தார். இடிந்தது விடியற்காலை என்பதால் வேலையாட்கள் வந்திருக்கவில்லை என்றார். பெரும் விபத்து தவிர்க்கப்பட்டது என்றார். “உள்ளே யாரும் இல்லை என்பது உறுதிப்படுத்தப்பட்டுள்ளது” என்று மணியாக முடித்தார். யார் உறுதிப்படுத்தினார்கள் என்று அந்த வாக்கியத்தைச் சல்லடை போட்டுத் தேடினாலும் ஆள் கிடைக்காது. தொழிலில் அதற்குப் பெயர் அனுபவம்.

பத்தரை மணிக்கு, மனசு கேட்காமல், தீயணைப்பு அதிகாரியிடம் போனார்.

“உள்ள யாரும் இல்லன்னு முடிவா தெரிஞ்சிருச்சா சார்?”

அதிகாரி அவரை விநோதமாகப் பார்த்தார். “என்ன சார் வெளையாடுறீங்க? நீங்கதானே சொன்னீங்க. டிவியில பாத்துட்டுத்தான தேடுறத நிறுத்தினோம்.”

அவருக்குப் பின்னால் பொக்லைன் இடிபாட்டைச் சமன்படுத்திக்கொண்டிருந்தது.

மதியம் மூன்று மணிக்கு எடிட்டிங் அறையில் அவர் உட்கார்ந்திருந்தபோது வெளியே நல்ல வெயில். அறைக்கு அது தெரியாது. ஜன்னல் இல்லாத அந்த அறையில் பழைய ஏசியின் ஈர நாற்றமும், சூடான கணினிகளின் ரப்பர் வாசனையும், எடிட்டர் அக்கா காலையில் குடித்து மறந்த காபியின் புளிப்பும் ஒன்றோடொன்று கலந்து, யாரோ நெடுநேரமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் இடம் போல இருந்தது.

“சார், இதக் கேளுங்க” என்றார் அக்கா.

எங்கே படம் பிடித்தாலும் கடைசியில் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, அந்த இடத்தின் வெறும் மௌனத்தை முப்பது நொடி பதிவு செய்துகொள்வது அவர்கள் வழக்கம். வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை அடைக்க உதவும். காலையில், நேரலை ஒளிபரப்பு முடிந்த கையோடு பதிவான மௌனம் அது. காற்று. தூரத்தில் ஒரு காகம். பிறகு, தரைக்கு அடியிலிருந்து வருவது போல, டொக். டொக் டொக். நின்றது. யாரோ பதிலுக்குக் காது கொடுப்பது போல நின்றது. மறுபடியும், டொக் டொக்.

“பொக்லைனா இருக்கும்” என்றார்.

“பொக்லைன் ஒம்பது மணிக்குத்தான் சார் வந்துச்சு.”

கேமராமேனைப் போனில் பிடித்தார். “காலையில ஸ்டாண்டை எதுலயாவது தட்டினியா?” “அண்ணே, சாப்பிட்டீங்களா?” என்றார் கேமராமேன். கிடங்கின் காவலாளியிடம், ராத்திரி உள்ளே யாராவது படுப்பார்களா என்று கேட்டார். “டிவியில சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்” என்றதோடு இணைப்பு அறுந்தது. மனைவியிடம் கேட்டார். “நீங்க மொதல்ல வீட்டுக்கு வாங்க” என்றாள். அவர் வாழ்நாள் முழுக்க அமைச்சர்களிடம் கேள்வி கேட்டுப் பெற்ற பதில்களே இவற்றைவிட நேரானவை.

கடைசியாகச் செய்தி ஆசிரியரிடம் போனார். கையில் ஒரு திருத்தம் எழுதி வைத்திருந்தார்: உள்ளே ஆட்கள் இருக்கலாம், தேடுதலை உடனே தொடர வேண்டும்.

ஆசிரியர் அதைப் படித்துவிட்டுக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். “நாம சொன்னத நாமளே மாத்துனா நம்மள எவன்யா பாப்பான்? காலையில சொன்னதையே ஆறு மணிக்கும் படிங்க.”

“உள்ள ஆள் இருந்தா?”

“போய் வாய்ஸ் குடுங்க.”

குரல்பதிவு அறை என்பது ஓர் ஆள் உட்காரவும், இன்னோர் ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கவும் இடமுள்ள பெட்டி. சுவரெங்கும் கறுப்பு ஸ்பாஞ்சு. எதிரே கனத்த கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எடிட்டர் அக்காவின் முகம். கதவு மூடியதும் உலகம் அணைந்துவிடும். தன் எச்சில் இறங்கும் சத்தமே பெரிதாகக் கேட்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திருத்தத்தையே படித்துவிடுவது என்று தீர்மானித்தார். வேலை போனால் போகட்டும். அக்கா கட்டைவிரலை உயர்த்தினார். அவர் வாயைத் திறந்தார்.

“உள்ளே யாரும் இல்லை என்பது உறுதிப்படுத்தப்பட்டுள்ளது.”

வந்தது அதுதான். இருபத்திரண்டு வருடப் பழக்கம். வெட்கத்தில் காது சுட்டது.

டொக்.

ஹெட்போனில் இல்லை. முதுகுக்குப் பின்னால்.

திரும்பிப் பார்க்க அந்த அறையில் தோள் அசைய இடமில்லை. ஸ்பாஞ்சிலிருந்து ஈரச் சிமெண்டு வாசனை வந்தது. முதலில் லேசாக, பிறகு பல்லில் நறநறக்கும் அளவுக்கு. “அக்கா, கதவத் தொறங்க” என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா தலையாட்டியபடி எதையோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை.

விளக்கு மங்கியது.

“அக்கா!”

அணைந்தது.

கதவைத் தேடிக் கையை நீட்டினார். ஸ்பாஞ்சு இல்லை. சொரசொரப்பு. கம்பி. கண்ணாடி இருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். கல். தலையை நிமிர்த்தினார். நெற்றியில் கல். காலை நீட்டினார். நீளவில்லை.

எங்கோ உயரத்தில், மண்ணுக்கு மேலே, ஒரு குரல் மணியாகப் பேசிக்கொண்டிருந்தது. தெளிவான உச்சரிப்பு. தேர்ந்த நிதானம். உள்ளே யாரும் இல்லை என்றது. அவருடைய குரல்.

பிறகு பொக்லைன் உறுமியது. பொடி மண் முகத்தில் சலசலவென்று கொட்டியது.

கத்தினார். சத்தம் அவர் மடியிலேயே விழுந்தது.

வெகுநேரம் கழித்து, அல்லது முப்பது நொடி கழித்து, காலையிலிருந்து ஊரெல்லாம் கேட்டு அலைந்ததை இருட்டிடம் கேட்டார். மெதுவாக. கெஞ்சலாக.

“உள்ள… யாராவது இருக்கீங்களா?”

“இருக்கோம் சார்.”

இடது பக்கம். மிகப் பக்கத்தில். அந்தச் சொல்லோடு மூச்சு வரவில்லை.

“எத்தனை பேர்?”

யாரோ இருமினார்கள். யாரோ நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்கள்.

“காலையில மூணு பேர். இப்ப உங்களச் சேத்து நாலு.”

மண் அப்பிய ஒரு கை அவர் கையைத் தடவித் தேடிப் பிடித்தது. விரல்களை ஒவ்வொன்றாக, அன்பாக மடக்கி முஷ்டியாக்கியது. கொண்டுபோய்க் கல்லில் வைத்தது.