இரண்டாவது ஒயர்

ஒரு ஒயரின் பட்டைகள் இரண்டும் தோலில் ஒட்டியிருந்தால்தான் அந்த வலிநிவாரணப் பெட்டியில் அதற்கான விளக்கு மினுக்கும். முதல் விளக்கு அம்மா டோரதியின் இடுப்புக்கானது. இரண்டாவது ஒயரை நோரா யாருக்கும் ஒட்டவில்லை. அது ஸ்டூலிலிருந்து நழுவி, பட்டைகளோடு கட்டிலுக்கடியில் போயிருந்தது. ஆனால் இரண்டாவது விளக்கும் மினுக்கியது.

டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து அவள் வீடு திரும்பியபோதே ஆஸ்டின் டவுனில் கரண்ட் போயிருந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் அம்மாவுக்குப் பட்டைகளை ஒட்டினாள். முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு டோரதிக்குக் கால்கள் அசைவதில்லை. வலி மட்டும் போகவில்லை, தூக்கமும் இல்லை. வலியைத் தணிக்க இந்தப் பேட்டரிப் பெட்டியைத் தந்த பிசியோதெரபிஸ்ட் சிரில், ஒயருக்கு ஒன்றாக இருந்த இரண்டு குமிழ்களையும் திருகிக் காட்டியிருந்தார்.

"சொல்ப சொல்பமா ஏத்துங்க சிஸ்டர். ஒவ்வொரு தடவையும் போதுமான்னு கேளுங்க. அஞ்சைத் தாண்டாதீங்க, சதை அப்படியே இழுத்துக்கும். அவங்களால எழுந்து ஓடக்கூட முடியாது."

அப்படியே கேட்டாள். "போதுமா, மம்மி?"

டோரதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "ஒண்ணுமே தெரியலியே. கிளாஸ்ல தட்டற மாதிரி பயந்து பயந்து தட்டாதடி. ஏத்து."

நோரா ஏற்றினாள். கேட்டாள். மறுபடி ஏற்றினாள். அப்புறம்தான் இரண்டாவது விளக்கைக் கவனித்தாள். கதவுப் பூட்டைக்கூட இருமுறை இழுத்துப் பார்க்கிறவள், இருட்டில் தவறான குமிழைத் திருகியிருந்தாள். முதல் குமிழ் ஒன்றில் நின்றது. இரண்டாவது, ஏழில்.

மெழுகு உருகும் வாசனைக்கும் அம்மாவின் தைலக் காரத்துக்கும் அடியிலிருந்து, ஈரச் சாக்கைப் போன்ற ஒரு நெடி மெல்ல எழுந்தது. அதோடு, விளக்கு மினுக்கும் ஒவ்வொரு முறையும் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் கீழேயிருந்து ஏதோ இடிபட்டு, டக், டக் என்று ஒலித்துக்கொண்டிருந்தது. எலி என்று நினைத்துக்கொண்டாள். எலி இப்படித் தாளம் தவறாமல் இடிக்குமா.

இரண்டாவது குமிழைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பினாள்.

சத்தம் நின்றது.

ஒயரை இழுத்தாள். தோலிலிருந்து பிளாஸ்திரி பிரிவது போல ஒரு சத்தம், நீளமாக. கொஞ்சம் வந்தது. பிறகு வரவில்லை. கீழேயிருந்து இழுத்தது. மெதுவாக.

பெட்டி ஸ்டூலின் விளிம்புக்கு நகர்ந்தது. பிடிப்பதற்குள் விழுந்தது. தரையில் உரசியபடி கட்டிலுக்கடியில் போயிற்று. அம்மாவின் ஒயர் இறுகி நின்றது. பிய்ந்துவிடவில்லை.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

அடியில் குமிழ் திரும்பியது.

டிக்.

டோரதியின் முதுகுச் சதை துள்ளியது.

"போதுமா, மம்மி?"

நோராவின் வாய் இன்னும் திறந்தபடியே இருந்தது. குரல் அவளுடையதுதான். கட்டிலுக்கடியிலிருந்து வந்தது.

டோரதி கண்களை மூடியபடியே நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"இப்பத்தான் தெரியுதும்மா. இன்னும் ஏத்து."