நாற்பத்தொன்றாம் பக்கம்

மகள் வாங்கி வந்த புத்தகத்தை அவர் எங்கே பிரித்தாலும் நாற்பத்தொன்றாம் பக்கமே வந்தது. நாயைப் புரிந்துகொள்வது எப்படி என்று சொல்லும் புத்தகம். புதிதுதான். ஆனால் அந்தப் பக்கத்தில் மட்டும் நனைந்த நாயின் வாடை அடித்தது.

"நாயைப் பத்தி எழுதினவன் என்ன, நாலு கால்லயா நடக்கிறான்?" என்றார்.

"படிச்சுத்தான் பாரேன்ப்பா. நீ அதைப் புரிஞ்சுக்கல, அதான் ஓடிப்போச்சு. அடுத்ததையாவது ஒழுங்கா வளர்ப்போம்." மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

ஓடிப்போகவில்லை. கிழட்டு நாய் வீடெல்லாம் மூத்திரம் போனது. துடைத்துத் துடைத்து அவருக்கு இடுப்பு விட்டுப்போனது. மகள் வெளியூர் போயிருந்த வாரம், அவரும் அதுவுமாகப் பத்து வருஷம் காவல் காத்த, இப்போது மூடிக்கிடக்கும் மரக்கிடங்குக்குக் கூட்டிப்போய், "இரு" என்று சொல்லிவிட்டு வந்தார். கதவைத் திறந்துதான் வைத்தார். எங்காவது போய்ப் பிழைக்கட்டும் என்று. நாலு மாசமாக அந்தத் திறந்த கதவை நினைத்துத்தான் தூங்கினார்.

எழுத்துக் கூட்டிப் படித்தார். 'சொல்லுக்குப் பழகிய நாய், விடுவிக்கும் சொல்லைக் கேட்கும்வரை எழுந்திருக்காது. கதவு திறந்திருந்தாலும்.'

மூடினார். கண்டவன் "வா" என்றால் போய்விடக் கூடாதென்று அவரே யோசித்துப் பழக்கிய சொல் ஒன்று உண்டு. "டூட்டி முடிஞ்சுது." அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. மறந்து அல்ல. சொன்னால் பின்னாலேயே வந்துவிடும்.

கட்டிலுக்கடியில் வால் தட்டியது. டப், டப். குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை.

பட்டப்பகலிலேயே கிடங்குக்குப் போனார். கதவு அவர் விட்டபடியே ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. உள்ளே மரத்தூளும் பூஞ்சையும் மூக்கை அடைக்க, பலகை இடுக்குகளில் வெயில் கோடு கோடாக இறங்க, விரல் கனத்துக்குத் தூசி படிந்த தரையில், அவருடைய பழைய நாற்காலிக்குப் பக்கத்தில், அது உட்கார்ந்திருந்தது. எலும்பு மட்டும். உட்கார்ந்தபடியே. பின்னால், வால் எட்டும் இடத்தில் மட்டும் தூசி இல்லை. விசிறி மாதிரி, சுத்தமாகப் பெருக்கியிருந்தது.

டப்.

"டூட்டி முடிஞ்சுது." பாதிதான் குரல் வந்தது. மறுபடி சொன்னார். "முடிஞ்சுதுடா. போ."

எலும்புகள் பொலபொலவென்று சரிந்தன. நகச் சத்தம் அவரைத் தாண்டி நடந்தது. வாசலுக்குப் போனது. அங்கேயே உட்கார்ந்தது.

ஓர் அடி வைத்தார். உறுமல்.

காலை இழுத்துக்கொண்டார். உறுமல் நின்றது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

சட்டைப்பையில் போன் அடித்தது. மகளாகத்தான் இருக்கும். கையைத் தூக்கினார். உறுமல்.

அடித்து ஓய்ந்தது. விடுவிக்கும் அந்தச் சொல்லை அவர் மகளுக்குக்கூடச் சொல்லிக்கொடுத்ததில்லை.

கதவு திறந்தே இருந்தது. அவர் முழங்காலில் தூசி படிய ஆரம்பித்தது.