உள்ளே இருப்பவர்கள்: 0

அந்தப் பக்கம் சட்டென்று திறந்துகொண்டதுதான் அவனுக்கு இடித்தது.

கிடங்குக்குள் எத்தனை பேர் என்று சொல்லும் இணையப் பக்கம். அவன் எழுதியதுதான். கார்டைத் தேய்த்து உள்ளே போனவர்கள், வெளியே வந்தவர்கள் என்று வருடக்கணக்கான பதிவுகளை டேட்டாபேஸ் துழாவி முடிக்க சில நிமிடமாவது பிடிக்கும். "சக்கரம் சுத்துறத வேடிக்கை பாக்கவாய்யா உனக்குச் சம்பளம்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார் மேனேஜர். ரோஷத்தில் போன வாரம் புரோகிராமில் ஒரு கட்டளை சேர்த்தான். மூன்று நொடியில் பதில் வராவிட்டால், கடைசியாகத் தெரிந்த பதிலையே காட்டு. பழசு என்று மட்டும் சொல்லாதே.

மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இப்போதும் மூன்றே நொடி. உள்ளே இருப்பவர்கள்: 0.

போனில் மனைவி. "என்னங்க, தம்பி போனையே எடுக்க மாட்டேங்கிறான். சாப்பாட்டு நேரத்துக்குக் கூப்பிடாம இருக்க மாட்டானே!"

"மூட்டை எண்ணிட்டிருப்பான்."

சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தான். மச்சினனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவன்தான். இன்று கிடங்குக்குப் பூச்சிமருந்துப் புகை போடும் நாள். திரையில் இருப்பது காலையில் ஆள் வருவதற்கு முன் எண்ணிய பூஜ்யம். உண்மையான கேள்வி பின்னால் இன்னும் பதில் தேடிக்கொண்டிருந்தது.

ஓடினான். உச்சி வெயிலில் தகரக் கூரை நெளிந்து முனகும் ஓசையும், சாக்குப் புழுதியின் காய்ந்த மணமும், அதற்கு அடியிலிருந்து மெல்ல மெல்ல மேலேறி வந்த, பூண்டு அழுகியது போன்ற நெடியும் அவனை எதிர்கொண்டன. கதவிடுக்கு முழுக்க டேப். மருந்தடிப்பவர் முகமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"உள்ள ஆள் இருக்கான்!"

"வெளையாடாதீங்க சார். உங்க பக்கத்தப் பாத்துட்டுத்தானே போட்டேன். பூஜ்யம்னு காட்டுச்சே."

"எப்போ?"

"அரை மணி இருக்கும்."

டொக்.

கதவுக்கு உள்ளிருந்து.

டொக். டொக்.

"மூட்டை சரியுது சார்..."

இருவரும் நகத்தால் டேப்பைப் பிறாண்டினார்கள். ஒரு சுற்று. அடியில் இன்னொரு சுற்று. அவன் கையிலிருந்த போன் அதிர்ந்தது. நிஜமான பதில், ஆடி அசைந்து வந்து சேர்ந்திருந்தது.

உள்ளே இருப்பவர்கள்: 1.

தட்டும் சத்தம் நின்றது.

"டேய் மச்சான்!"

பாதி டேப் இன்னும் பிரியவில்லை. கதவு இம்மியும் அசையவில்லை.

பீப்.

வாசலோரத்துக் கார்டு மெஷினில், ஆள் வெளியேறியதற்கான பச்சை விளக்கு. எதிரே யாருமில்லை. அழுகிய பூண்டு நெடி மட்டும் அவன் தோளை உரசிக்கொண்டு கடந்து போனது.

போனைப் பார்த்தான்.

உள்ளே இருப்பவர்கள்: 0.

இது பழைய பதில் இல்லை.